செய்து பார்க்கும் அறிவியல், கணிதச் செயல்பாடுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடையை முதலிலேயே சொல்லிவிட்டுச் செயல்பாட்டைத் தொடங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு வேர். 'நீர் மேலே ஏறும், பாருங்கள்' என்று ஆசிரியர் சொன்ன பிறகு மாணவர்கள் நீர் ஏறுவதை மட்டுமே பார்க்கிறார்கள். அது எப்போது ஏறத் தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நிகழ்ந்தது என்பவை அவர்கள் கண்ணில் படுவதில்லை. என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஒவ்வொருவரும் தம் ஊகத்தைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே பொருள்களைக் கையில் எடுக்க வேண்டும்.

தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கும் சோதனையை அறியாதவர் குறைவு. டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனதால் அந்த இடத்தை நீர் நிரப்புகிறது என்றும், காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு என்பதால் நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறுகிறது என்றும் இன்றும் பலர் விளக்குகிறார்கள். இந்த விளக்கம் பிழையானது. ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஆக்சிஜனுக்கு ஈடாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன. சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி, டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பின் வழியே வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, நீராவியும் நீராகப் படிய, உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்று நீரை உள்ளே தள்ளுகிறது. கூர்ந்து கவனிப்பவர்களுக்கு இதற்கான சான்றுகள் அங்கேயே கிடைக்கும்: தொடக்கத்தில் விளிம்பில் குமிழிகள் தோன்றுவதுண்டு, நீரும் பெரும்பாலும் சுடர் அணையும் தருணத்தில்தான் விரைந்து ஏறுகிறது. அதே டம்ளரில் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் இன்னும் உயரமாக ஏறும். உள்ளிருக்கும் ஆக்சிஜனின் அளவோ மாறவில்லை. இந்த மூன்று மெழுகுவர்த்திச் சோதனையைச் செய்யாமல் பாடத்தை முடிப்பது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

ஒரே நேரத்தில் இரண்டு காரணிகளை மாற்றிவிடுவது அடுத்த தவறு. பல வேளைகளில் மாற்றியவருக்கே அது தெரிவதில்லை. நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்ட தனி ஊசலில், குண்டின் எடை அலைவு நேரத்தை, அதாவது ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரத்தை, பாதிக்கிறதா என்று பார்க்கும்போது, அதே நூலில் சிறிய குண்டை அவிழ்த்துவிட்டுப் பெரிய குண்டைக் கட்டுகிறார்கள். ஊசலின் நீளம் தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை அளக்கப்பட வேண்டியது. பெரிய குண்டின் மையம் கீழிறங்குவதால் நீளமும் கூடுகிறது, அலைவு நேரமும் சற்றுக் கூடுகிறது. எடைதான் காரணம் என்று மாணவர் முடிவு செய்துவிடுகிறார். நூலைக் குறைத்து மையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் அந்த வேறுபாடு மறைந்துவிடும்.

அளவிடும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரு மீட்டர் நீள ஊசலின் அலைவு நேரம் ஏறத்தாழ 2 வினாடிகள். ஒரே ஓர் அலைவை மட்டும் அளந்தால், கடிகாரத்தை அழுத்துவதில் விரல் தாமதிக்கும் சிறு பொழுதே பெரும் பிழையாகிவிடும். 20 அலைவுகளை அளந்து வகுத்தால் அந்தப் பிழையும் இருபதில் ஒரு பங்காகிவிடும். குண்டை விடும்போதே 'ஒன்று' என்று எண்ணத் தொடங்குபவர்கள் உண்மையில் 19 அலைவுகளைத்தான் அளக்கிறார்கள். ஆகவே 'சுழியம்' என்று சொல்லித் தொடங்கப் பழக்க வேண்டும்.

கிடைத்த எண்ணைத் திருத்தி எழுதுவது இவை எல்லாவற்றிலும் வருத்தமளிப்பது. முக்கோணத்தின் கோணங்களைப் பாகைமானியால் அளந்து கூட்டினால் 178 பாகையோ 181 பாகையோ வருவது இயல்பு. மாணவர் அதை அழித்து 180 என்று எழுதுகிறார். நாணயத்தைப் பத்து முறை சுண்டியதும் ஐந்து தலை, ஐந்து பூ என்று எழுதிவிடுபவர்களும் உண்டு. பத்துச் சுண்டல்களில் சரியாக ஐந்து தலை விழும் நிகழ்தகவு 1024-இல் 252, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். எனவே வகுப்பில் எல்லோருடைய ஏட்டிலும் ஐந்து இருந்தால், ஏடுகள் மெய்யைச் சொல்லவில்லை என்று கொள்ளலாம். அனைவரின் எண்களையும் கரும்பலகையில் திரட்டிக் கூட்டினால், தலைகளின் விகிதம் பாதியை நெருங்குவதை மாணவர்கள் தாமே காண்பார்கள்.

கணிதத்தில் கண்ணால் கண்டதை நிறுவலாகக் கொள்வதும் கூடாது. 8-க்கு 8 சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகவும் இரண்டு சரிவகங்களாகவும் வெட்டி, 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கும் புதிர் இதற்கு நல்ல மருந்து. 64 சதுர அலகுகள் 65 ஆகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் துண்டுகளின் சாய்வுகள் 3/8, 2/5 என்று சற்றே வேறுபடுவதால், மூலைவிட்டத்தில் ஓர் அலகுப் பரப்புள்ள மெல்லிய இடைவெளி ஒளிந்திருக்கிறது. முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து நேர்கோட்டில் ஒட்டும் செயல்பாட்டுக்கு முன் இதைச் செய்துவிட்டால், கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை உச்சியின் வழியே அடிப்பக்கத்துக்கு இணைகோடு வரைந்து நிறுவுவதன் தேவை மாணவர்களுக்கே விளங்கும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, செயல்பாட்டை நடத்துபவர் அதே பொருள்களைக் கொண்டு முன்னதாக ஒருமுறை செய்து பார்த்திருக்க வேண்டும். உருப்பெருக்கி, தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது. மின் சோதனைகளுக்கு வீட்டு மின்சாரத்தைத் தொடாமல் டார்ச் பேட்டரிகளையே பயன்படுத்த வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் அமிலம் எதையும் சேர்த்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும் என்பதால், அவை இரண்டையும் ஒரே மேசையில் வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.