'தேதி' என்ற நெடுவரிசையை நம்ப வேண்டாம்: பகிர்வு ஆய்வுத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் இரண்டு முதுகலை மாணவர்கள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். திரையில் 2022 ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடித்துப்போட்ட வெள்ளத்தின் மழை வரைபடம். நீலக்கோடு செயற்கைக்கோள், சிவப்புக்கோடு மழைமானி. நீலக்கோடு 11-ஆம் தேதி உச்சத்தைத் தொட்டது. சிவப்புக்கோடு 12-ஆம் தேதி.

"அக்கா, செயற்கைக்கோள் ஒரு நாள் பிழை செய்கிறது. கட்டுரையாகவே எழுதிவிடலாம்" என்றான் ஒருவன். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாண்டுகளுக்கு முன்பு இதே பிழையை நான் செய்து, இரண்டு நகரங்களில் இருந்தவர்களின் நான்கு மாத உழைப்பைச் சாக்கடையில் விட்டிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பகிர்வு ஆய்வுத்தளம் என்று நான் சொல்வது, உலாவியில் திறந்து பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தை. தரவு, நிரல், கணிப்புத்திறன் மூன்றும் ஒரே சர்வரில் இருக்கும். டர்பனில் நான் திறக்கும் அதே கோப்புறையைக் கேப் டவுனில் இன்னொருவர் திறந்திருப்பார். கடவுச்சொல்லைப் பகிராதீர்கள், காப்புநகல் எடுங்கள், கோப்புக்கு 'இறுதி_உண்மையான_இறுதி' என்று பெயர் வைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எக்செல் மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடும் கதையும் தெரிந்திருக்கும். எக்செலைத் திருத்த முடியாமல், 2020-இல் பெயர் சூட்டும் குழுவே மரபணுக்களின் பெயர்களை மாற்றிக்கொண்டது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

தலைப்பு ஒன்றானால் பொருளும் ஒன்று என்று நினைப்பது

இரண்டு அட்டவணைகள். இரண்டிலும் 'தேதி' என்று ஒரு நெடுவரிசை. ஒரே ஒரு வரி நிரல் எழுதினால் கணினி இரண்டையும் இணைத்துவிடும். பிழைச்செய்தி வராது. எச்சரிக்கை வராது. அதுதான் ஆபத்து.

என் கதை 1987 செப்டம்பர் இறுதியில் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் மாகாணத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தைப் பற்றியது. இந்தக் கடலோரத்துக் கரும்பு எஸ்டேட்டுகள் பலவற்றில் மழைப்புத்தகம் உண்டு. நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் மில்லிமீட்டர். அதற்கும் பழைய பக்கங்களில் அங்குலம். அப்படி இரண்டு எஸ்டேட்டுகளின் புத்தகங்களைத் தட்டச்சு செய்து, அருகிலிருந்த ஒரு வானிலை நிலையத்தின் பதிவோடு தளத்தில் ஏற்றினேன். தேதியை வைத்து மூன்றையும் இணைத்து, சராசரி எடுத்து, 'தயார்' என்று எழுதி வைத்தேன். என்ன ஒரு பெருமை அன்றைக்கு!

நீரியல் குழுக்கள் இரண்டு அதை எடுத்து, மழையிலிருந்து ஆற்று வெள்ளத்தைக் கணக்கிடும் கணினி மாதிரி கட்டின. மாதிரியில் வெள்ளம் பாலத்தின் இடுப்பைக்கூடத் தொடவில்லை. அசல் வெள்ளமோ பாலத்துக்கு மேலே சேற்றுத்தடம் விட்டுப் போயிருந்தது. மழைத்தரவைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. அது 'தயார்' என்று நானே எழுதியிருந்தேனே. அதனால் மண்ணைத் திருத்தினார்கள். மண் உறிஞ்சும் அளவைக் குறைத்துக் குறைத்து, தரையைக் கிட்டத்தட்ட சிமெண்ட் ஆக்கி, வெள்ளத்தைப் பாலத்துக்கு ஏற்றினார்கள். கணக்கு பொருந்திவிட்டது. தவறான மழையைத் தவறான மண் ஈடுகட்டியது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பிழை வெளியே தெரிந்தால் திருத்திவிடலாம். இன்னொரு பிழையின் தோளில் கைபோட்டு நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடித்தது நானும் இல்லை, கணினியும் இல்லை. டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் ஒரு சமையலறை. அந்த இரண்டு எஸ்டேட்டுகளில் ஒன்றின் ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம், அங்குலத்தில் எழுதியிருந்த சில பழைய பக்கங்களைக் காட்டி விளக்கம் கேட்கப் போயிருந்தேன். தேநீரை ஆற்றிக்கொண்டே அவர் பேச்சுவாக்கில் சொன்னார்:

"காலை எட்டு மணிக்குக் குழாயை எடுத்து அளப்பேன், அம்மா. எழுதுவது நேற்றைய கட்டத்தில். நேற்றுப் பெய்த மழைதானே அது?"

"எல்லா எஸ்டேட்டிலும் அப்படித்தானா, தாத்தா?"

"பக்கத்து எஸ்டேட்காரர்கள் அளந்த நாளின் கட்டத்தில் எழுதுவார்கள். அவர்களுக்கு மழை எப்போதும் ஒரு நாள் தாமதம் என்று நாங்கள் கேலி செய்வோம்."

கையில் இருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்தது.

அவர் 28-ஆம் தேதிக் கட்டத்தில் எழுதியதும் பக்கத்து எஸ்டேட்டில் 29-ஆம் தேதிக் கட்டத்தில் எழுதியதும் ஒரே மழை. எடுத்துக்காட்டுக்கு 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் புத்தகத்தில் 200, 0. இரண்டாவதில் 0, 200. சராசரி எடுத்தால் 100, 100. ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழை இரண்டு நாள் நல்ல மழையாகிவிடும். மாதக் கூட்டுத்தொகை துளிகூட மாறாது. அதனால் மொத்தத்தை மட்டும் சரிபார்ப்பவர்கள் கண்ணில் இது படவே படாது. நான் மொத்தத்தை மட்டும்தான் சரிபார்த்திருந்தேன்.

சரியான மழையைக் கொடுத்ததும், சிமெண்ட் தரையின் மேல் கட்டிய மாதிரி பாலத்தை எங்கோ கீழே விட்டுவிட்டு மேலே போனது. முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு குழுக்களிலும் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்றைய மாணவர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. எஸ்டேட் புத்தகத்தோடு செயற்கைக்கோளும் சேர்ந்துகொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் மழைமானியின் நாள் காலை 8 மணி முதல் மறுநாள் 8 மணி வரை. செயற்கைக்கோளின் நாள் உலகப் பொது நேரப்படி ஓடுகிறது. நம் கடிகாரத்தில் அது அதிகாலை 2 மணிக்குத் தொடங்கும். 2022-இல் பெருமழை 11-ஆம் தேதி பெய்து இரவைத் தாண்டி நீண்டது. சில நிலையங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல். செயற்கைக்கோள் அதில் பெரும்பகுதியை 11-இல் வைத்தது. மானியை 12 காலையில் அளந்தவர் 12-இல் எழுதினார். ஒரே மழை, இரண்டு வகை நாள். பையன்கள் கண்டுபிடித்த 'செயற்கைக்கோள் பிழை' இதுதான்.

நேரத்தோடு நிற்பதில்லை. ஈஆர்ஏ5 என்ற உலக வானிலை மறுபகுப்பாய்வுத் தரவில் மழை மீட்டரில் இருக்கும், மில்லிமீட்டரில் அல்ல. ஒவ்வொரு மதிப்பும் அந்த மணியோடு முடிந்த ஒரு மணி நேரத்து மழை. அதாவது நள்ளிரவு 00:00 மதிப்பு முந்தைய நாளுக்குச் சொந்தம். ஐமெர்க் என்ற செயற்கைக்கோள் மழைத்தொகுப்பின் அரைமணித் தரவோ மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வீதம். அரைமணிக்கு ஒன்றாக 48 மதிப்புகளை அப்படியே கூட்டினால் மழை இரட்டிப்பாகும். மூன்று கோப்புகளிலும் தலைப்பு 'மழை'தான்.

நான் இப்போது என்ன செய்கிறேன்? 'தேதி' என்ற பெயரில் நெடுவரிசையை எங்கள் தளத்தில் ஏற்க மாட்டேன். தொடக்கம், முடிவு என்று இரண்டு வேண்டும். உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு வித்தியாசம் என்பதோடு வேண்டும்: 2022-04-11 08:00 +02:00 முதல் 2022-04-12 08:00 +02:00 வரை. வானிலைத் தரவை வைக்கும் நெட்சிடிஎஃப் கோப்புகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் சிஎஃப் மரபில் இந்த இரு எல்லைகளையும் எழுத இடம் உண்டு. அந்த இடத்தைக் காலியாக விட்டு அனுப்புபவர்களே அதிகம்.

இணைப்பதற்கு முன் இன்னொரு சோதனை. ஒரு தொடரை ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே நகர்த்தி, நகர்த்தாத நிலையையும் சேர்த்து மூன்று நிலைகளிலும் ஒட்டுறவை, அதாவது இரண்டு தொடர்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை, கணக்கிடுங்கள். நகர்த்தியபோது பொருத்தம் கூடினால், யாரோ வேறு கட்டத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். இதை முழுத் தொடருக்கும் ஒரே தடவை செய்தால் போதாது. எழுத்தர் மாறும்போது வழக்கமும் மாறும். ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்துச் செய்ய வேண்டும். பத்து வரி நிரல். எனக்கு நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

மூலத்தரவில் எல்லோருக்கும் எழுதும் உரிமை கொடுப்பது

படிக்கும் உரிமை போதும். எழுதும் உரிமை ஒருவருக்கு, அவருக்கும் யோசித்து.

தரவை வீட்டுக்குக் கொண்டுபோவது

சர்வரில் வேலை செய்யப் பழகாதவர்கள் முதலில் செய்வது பதிவிறக்கம். மழைப்புத்தகம் போன்ற சிறிய கோப்புக்கு இது நடக்கும். கரூ பாலைநிலத்தில் 64 கிண்ண ஆன்டெனாக்களோடு நிற்கும் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியின் தரவுக்கு நடக்காது. அந்த வானியலாளர்கள் தரவு இருக்கும் இடத்துக்கு நிரலை அனுப்புகிறார்கள். கேப் டவுனில் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இலிஃபு அதற்கான கணிப்புத்தளம். இலிஃபு என்றால் கோசா மொழியில் மேகம். வானியலுக்கு வேறு வழியில்லாததால் வந்த இந்தப் பழக்கத்தைச் சிறிய தரவுக்காரர்களும் கடைப்பிடிக்கலாம். இல்லையென்றால் ஆறு மடிக்கணினிகளில் ஆறு நகல்கள், ஒவ்வொன்றிலும் வேறு வேறு திருத்தம்.

நோட்புக் அறைகளைத் தோன்றிய வரிசையில் ஓட்டுவது

நோட்புக் என்பது நிரலைத் துண்டு துண்டாக, அறை அறையாக எழுதி ஓட்டும் கோப்பு. ஏழாவது அறையை ஓட்டிவிட்டு மூன்றாவதைத் திருத்தி, பிறகு ஐந்தாவதை அழித்துவிட்டால், திரையில் இருக்கும் விடை எந்த நிரலுக்கும் சொந்தமில்லாத அநாதை. பகிர்வதற்கு முன் மறுதொடக்கம் செய்து மேலிருந்து கீழே ஒரு முறை ஓட்டுங்கள். ஓடவில்லையென்றால் பகிராதீர்கள்.

மின்வெட்டு சர்வரைத்தான் நிறுத்தும் என்று நினைப்பது

சுழற்சி மின்வெட்டுக் காலத்தில் கற்ற பாடம். சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வீட்டில் இணையம் போனதும் உலாவிக்கு வரவேண்டிய முடிவுகள்தாம் காற்றில் போகும். நீண்ட வேலையின் முடிவுகளைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள், திரையில் அல்ல.

நோயாளிகளின் தரவை 'இப்போதைக்கு' ஏற்றி வைப்பது

வேண்டாம். 2021 ஜூலை 1 முதல் தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழு வலுவோடு இருக்கிறது. 'இப்போதைக்கு' என்ற சொல் அதில் இல்லை.

கழித்தல் குறியை மறப்பது

டர்பன் ஏறத்தாழ தெற்கே 29.9 பாகை, கிழக்கே 31. தெற்கைக் கணினியில் கழித்தல் குறியோடு, -29.9 என்று எழுதுவோம். கழித்தல் குறி விழுந்துவிட்டால் உங்கள் மழைமானி எகிப்தில், பிரமிடுகளுக்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே ஏன் மழையே இல்லை என்று ஒரு மாணவி ஒரு வாரம் தேடினாள்.

ஊர்ப்பெயரை வைத்து இணைப்பது

ஸ்டாங்கர் இப்போது குவாடுகூசா. டொங்காட் இப்போது ஓதொங்காதி. எஸ்டேட்டின் பெயரோ புத்தகத்துக்குப் புத்தகம் எழுத்து மாறும். எண் கொடுங்கள், பெயரை அடையாளத்துக்கு மட்டும் வையுங்கள். இணைத்த பின் வரிகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

வெற்றுக்கட்டத்தைச் சுழியமாக்குவது

டொங்காட் பெரியவரின் புத்தகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில கட்டங்களில் 0 இருக்கும், சிலவற்றில் ஒரு சிறு கோடு. கோடு என்றால் மழை இல்லையா, அளக்க ஆள் வரவில்லையா? அளக்கவில்லை என்றால் திங்கட்கிழமை எண்ணில் இரண்டு நாள் மழை சேர்ந்திருக்கும். அன்று தேதியைக் கேட்ட பதற்றத்தில் இதைக் கேட்க மறந்துவிட்டேன். அடுத்த முறை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். போன ஆண்டு அவர் காலமானார். அவருடைய ஞாயிறுகளுக்கு எதிரே எங்கள் அட்டவணையில் எண்ணும் இல்லை, சுழியமும் இல்லை. 'கோடு' என்றே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன்.