எண்ணெய் இல்லாத வீகன் சாப்பாடு: நாக்கு கேட்கும்போது என்ன செய்யலாம்

வீகன் (விலங்கிலிருந்து வருகிற எதுவும் சேராத) சாப்பாட்டுக்கு மாறி, கொழுப்பையும் குறைக்க எண்ணெய், நெய், பால், தயிர், தேங்காய், வேர்க்கடலை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்திவிட்டு, நாலைந்து நாளில் பஜ்ஜிக் கடையைத் தாண்ட முடியாமல் தவிக்கிறீர்களா? உங்களிடம் மன உறுதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெரும்பாலும் உங்களுக்குப் பசி, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. தாளிப்பு, பொரியல், தோசைக்குச் சுற்றி விடுவது, குழம்பின் மேல் மிதப்பது எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு மூன்று கரண்டி என்று வைத்துக்கொண்டாலும் 360 கலோரி ஆகிறது. கிட்டத்தட்ட ஆறேழு இட்லிக்குச் சமம். அதை மொத்தமாக எடுத்துவிட்டு, தட்டில் மட்டும் பழைய மூன்று இட்லியையே வைத்துக்கொண்டால் உடம்பு எங்கே போகும்? சாயங்காலம் நாலு மணிக்கு அது கேட்கத்தான் செய்யும், அதுவும் எதில் கலோரி அதிகமோ அதைத்தான் கேட்கும். வெள்ளரிக்காயைக் கடித்து அந்த நேரத்தைத் தள்ளப் பார்ப்பதால் பயன் இல்லை, நூறு கிராம் வெள்ளரிக்காயில் இருபது கலோரிகூடக் கிடையாது.

அதனால் முதல் வேலை, சாப்பிடும் அளவைக் கூட்டுவது. மூன்று இட்லி சாப்பிட்டவர் ஐந்து சாப்பிடுங்கள். சோறு ஒரு கரண்டி கூடப் போடுங்கள், பருப்பு கூடப் போடுங்கள், நடுவில் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கோ மரவள்ளிக் கிழங்கோ, தை மாதமென்றால் பனங்கிழங்கோ சாப்பிடுங்கள். இவற்றில் கொழுப்பு பெயருக்குத்தான் இருக்கிறது, வயிறு நிறைகிறது. எடை குறைக்க வந்தவர்கள் இதைக் கேட்டுப் பயப்படுவார்கள், ஆனால் பட்டினி கிடந்து மூன்றாம் வாரம் பரோட்டாவில் போய் விழுவதைவிட இது எவ்வளவோ மேல். (சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோறு, கிழங்கு அளவை மாற்றும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள், மருந்தின் அளவையும் மாற்ற வேண்டி வரலாம்.)

வயிறு நிறைந்த பிறகும் ஒன்றைக் குறிப்பிட்டு நாக்கு கேட்டால், அது வேறு கதை. அப்போது உண்மையில் எது வேண்டும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பஜ்ஜி வேண்டும் என்று தோன்றினால், வேண்டியது மொறுமொறுப்பா, உப்பும் காரமுமா, சூடா, இல்லை அந்த நேரத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவதா? எண்ணெய்தான் வேண்டும் என்று பெரும்பாலும் இருக்காது. வேண்டியது எது என்று பிடிபட்டால் அதை மட்டும் கொடுக்கலாம்.

மொறுமொறுப்புதான் வேண்டும் என்றால் வழி நிறைய உண்டு. அப்பளத்தைத் தணலிலோ அடுப்பிலோ சுட்டால் பொரித்ததற்குக் கொஞ்சமும் சளைக்காது, ஆனால் உப்பு அதிகம், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பொரியில் பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், மாங்காய், கொத்தமல்லி போட்டு எலுமிச்சை பிழிந்து உடனே சாப்பிடுங்கள், ஐந்து நிமிடம் விட்டாலும் நமத்துப்போகும். உருளைக்கிழங்கை அரைவேக்காடாக அவித்து, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, ஒரு கை அரிசி மாவு தூவிக் குலுக்கி ஏர் ஃப்ரையரில் வைத்தால் வெளியே மொறுமொறுவென்று வரும். அந்த அரிசி மாவை விட்டுவிடாதீர்கள், எண்ணெய் இல்லாத வறுவலில் மேல்தோலைக் கொடுப்பதே அதுதான். ஏர் ஃப்ரையர் இல்லாதவர்கள் நன்றாகப் பழகிய இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் பொறுமையாகப் புரட்டிப் புரட்டிச் சிவக்க வைக்கலாம்.

வடைக்கு ஒரு யோசனை. உளுந்து மாவைக் கெட்டியாக ஆட்டி, வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை சேர்த்து, ஒட்டாத குழிப்பணியாரக் கல்லில் எண்ணெய் விடாமல் மூடி வேகவைத்துத் திருப்பிப் போடுங்கள். இதைத் தனியாகச் சாப்பிட்டால் வடை என்று நாக்கு ஒப்புக்கொள்ளாது. ஆனால் கொதிக்கிற ரசத்திலோ சாம்பாரிலோ போட்டு அரை மணி நேரம் ஊற விட்டால் ஒப்புக்கொள்ளும், ஏனென்றால் ரசவடையில் மொறுமொறுப்பை யாரும் தேடுவதில்லை. மாற்று உணவு தேடும்போது இதைக் கவனியுங்கள்: அசலிலேயே எண்ணெய்க்கு வேலை குறைவாக இருக்கிற வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் வராது. நெய் ரோஸ்டைப் போலச் செய்யப் பார்ப்பதைவிட இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, இட்லி என்று ஆவியில் வேகிறவற்றின் பக்கம் போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்தது வாசனை. எண்ணெயை விட்டவர்கள் ‘சாப்பாடு சப்பென்று இருக்கிறது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் தாளிப்பு வாசனையைத்தான் தேடுகிறார்கள். மசாலா வாசனைகளில் நிறைய கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், கொழுப்பு அதைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அது இல்லாதபோது வாசனை சட்டென்று எழும்பி சட்டென்று போய்விடும். ஆகவே தாளிப்பைக் கடைசியில், சாப்பிட உட்காரும் நேரத்தில் செய்யுங்கள். வெறும் வாணலியை நன்றாகக் காயவைத்து, கடுகைப் போட்டு மூடுங்கள், எண்ணெய் இல்லாமலும் நன்றாகவே வெடிக்கும். தீயைக் குறைத்து உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், சீரகம், கடைசியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும். கருகும் முன் ஒரு கரண்டி ரசத்தை அதிலேயே ஊற்றி, சுர்ரென்று சத்தம் அடங்கும் முன் பாத்திரத்தில் கவிழ்த்து மூடிவிடுங்கள். மூடியைத் திறப்பது இலையில்தான்.

வெங்காயத்தை வதக்க எண்ணெய் வேண்டியதில்லை. கொஞ்சம் உப்புப் போட்டுச் சட்டியில் புரட்டுங்கள், அடிப்பிடிக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள், தண்ணீர் வற்றினால் மறுபடியும் அதே மாதிரி. நாலைந்து முறையில் வெங்காயம் செக்கச் செவேலென்று ஆகி இனிப்பு ஏறும். பரோட்டா சால்னா ஆசை உள்ளவர்களுக்கு இதுதான் அடித்தளம். இதோடு தக்காளி, வறுத்து அரைத்த சோம்பு, பட்டை, கிராம்பு, மல்லி சேர்த்துக் கொதிக்க வைத்து, தேங்காய்க்கும் கசகசாவுக்கும் பதிலாக வெந்த உருளைக்கிழங்கை மசித்துக் கரைத்தால் இடியாப்பத்துக்கு அருமையான சால்னா. எனக்கு இதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு பரோட்டா ஞாபகம் வெகுவாகக் குறைந்தது, நான் தேடியது அந்தச் சால்னாவைத்தான்.

தேங்காய் ஆசை நம் சமையலில் எல்லா மூலையிலும் ஒளிந்திருக்கிறது. தேங்காயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, எள்ளிலும் வேர்க்கடலையிலும் கிட்டத்தட்டப் பாதி. பொரியலுக்கு மேலே தூவ, குழையாமல் உதிரியாக வெந்த பாசிப்பருப்பு போதும். கூட்டுக்கு ஊறவைத்த பச்சரிசியும் சீரகமும் அரைத்து விடுங்கள். சட்னிக்குப் பொட்டுக்கடலையோடு கொத்தமல்லி, பச்சை மிளகாய், புளி. அல்லது பீர்க்கங்காய்த் தோலை வறட்டி அரைத்த துவையல். அவியலை மட்டும் விட்டுவிடலாம், தேங்காய் இல்லாமல் அதைச் செய்து யாருக்கும் திருப்தி வந்து நான் பார்த்ததில்லை.

தயிர்சாதம்தான் பலருக்குக் கடைசித் தடை. நாள் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு, சாப்பாட்டின் கடைசியில் அந்தப் புளிப்பும் குளிர்ச்சியும் இல்லாமல் சாப்பிட்டு முடித்த மாதிரியே இருக்காது. கடையில் விற்கும் பாதாம் தயிர், தேங்காய்த் தயிர் எல்லாம் கொழுப்பு, இந்தத் திட்டத்துக்கு உதவாது. ஆனால் நம் வீட்டிலேயே இதற்குப் பதில் இருக்கிறது: பழைய சோறு. இரவு ஆறிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், காலையில் இயல்பான புளிப்போடு இருக்கும். நன்றாகப் பிசைந்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் கடித்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் வேண்டுமென்றால் எண்ணெய் படாத உப்பு நார்த்தங்காயும் உப்பில் ஊறிய எலுமிச்சையும் இருக்கின்றன. மதியத்துக்கு வேண்டுமானால் நீராகாரத்தை எடுத்துவைத்து, குழைய வடித்த சோற்றில் ஊற்றிப் பிசைந்து இஞ்சியும் கறிவேப்பிலையும் போடுங்கள்.

காபிக்கு: பாலை விட்டால் கருப்பட்டி போட்ட கடுங்காபி அல்லது சுக்குக் காபி. இனிப்புக்கு வாழைப்பழம், பலாச்சுளை, பேரீச்சம்பழம்.

‘வாரத்துக்கு ஒரு நாள் கொஞ்சம் சாப்பிட்டால் ஆசை அடங்கும்’ என்று சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ரிச்சர்ட் மாட்டஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரம் கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களில், கொழுப்பின் ருசியையே தவிர்த்தவர்களுக்கு அதன் மீதான விருப்பம் குறைந்தது. கொழுப்பு மாதிரியே ருசிக்கிற மாற்றுப் பொருட்களைப் பயன்படுத்தியவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. நாக்கு பழகும், ஆனால் அதற்குச் சில வாரம் இடைவிடாமல் நேரம் கொடுக்க வேண்டும். கொழுப்பில்லாத சீஸ், லோ ஃபேட் மயோனைஸ் போன்றவற்றை நான் வீட்டுக்குள் விடாததற்கும் இதுதான் காரணம். முதல் மாதம் கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மாதத்தில் சரியாகத் தூங்குங்கள், தூக்கம் கெட்ட மறுநாள் ஆசை இரண்டு மடங்காக வரும்.

உடம்பு பற்றிச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும். கொழுப்பு துளியும் இல்லாத சாப்பாடு என்று ஒன்று கிடையாது, அரிசி, பருப்பு, கீரை எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும். கொழுப்பை மிகவும் குறைத்த சாப்பாட்டை வைத்து அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் செய்து, 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த இதய நோய் ஆய்வில்கூட மொத்தக் கலோரியில் சுமார் 10 சதவீதம் கொழுப்பு இருந்தது. ஒமேகா 3-க்காகத் தினம் ஒரு தேக்கரண்டி அரைத்த ஆளி விதை சேர்ப்பது நல்லது, அதையும் விலக்குகிற அளவுக்குக் கறாராக இருக்காதீர்கள். வைட்டமின் பி12 மாத்திரை கட்டாயம், தாவர உணவிலிருந்து அது நம்பகமாகக் கிடைக்காது. குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு இந்தச் சாப்பாடு வேண்டவே வேண்டாம். மாதவிடாய் நின்றாலோ, முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தாலோ, அடக்கி அடக்கி வைத்து ஒரேயடியாக அள்ளித் தின்பதும் பிறகு குற்ற உணர்வில் பட்டினி கிடப்பதும் வழக்கமாகிவிட்டாலோ, கறாரைத் தளர்த்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது நாக்கு ஆசை இல்லை.

அப்புறம் சொந்தக்காரர் வீடு, கல்யாணப் பந்தி. ‘ஒரு நாள் தானே, கொஞ்சம் தானே’ என்று அன்பாகத்தான் வைப்பார்கள், அவர்களிடம் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் இலை ஆறிப்போகும். ‘எண்ணெய் ஒத்துக்கவில்லை அத்தை, சோறும் பருப்பும் போடுங்க, நிறையச் சாப்பிடுறேன்’ என்று சொல்லி, சொன்னபடி நிறையச் சாப்பிடுங்கள். வைத்ததைச் சாப்பிடவில்லை என்பதைவிட வயிறு நிறையச் சாப்பிடவில்லை என்பதுதான் அவர்களுக்கு வருத்தம். தாளிப்பும் நெய்யும் எதில் இருக்கிறது என்று பந்தியில் உட்கார்ந்து ஆராய முடியாது, ஆகவே கிளம்பும் முன்பே வீட்டில் பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஓட்டலில் இட்லிதான் பத்திரம், அதிலும் ‘நெய், பொடி எண்ணெய் எதுவும் வேண்டாம்’ என்று ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிடுங்கள். ரயில் பயணமென்றால் இட்லியும் துவையலும் கட்டிக்கொள்ளுங்கள், கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் பொரியும். பக்கத்து இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது உங்கள் கையில் கொறிக்க ஏதாவது இருக்க வேண்டும்.