கலிஃபோர்னியாவில் புது வீடா? சோலார் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

கலிஃபோர்னியாவின் மவுண்டன் ஹவுஸ் ஊரில் புது வீடு புக் செய்யப் போன தம்பி ஒருவர் விற்பனை அலுவலகத்திலிருந்தே கூப்பிட்டார். “அண்ணா, கூரையில சோலார் சும்மாவே வருதாம். சட்டப்படி அவங்களே போட்டுக் கொடுக்கணுமாம்.” தாள்களைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். கட்டின் நடுவில் இருந்தது அந்தப் பக்கம்: 25 வருட லீஸ், மாதத் தவணை, தவணை ஆண்டுதோறும் ஏறும் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

சட்டம் என்று அவர் சொன்னது உண்மைதான். 2020 ஜனவரி 1 முதல் கட்டிட பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கும் புதிய தனி வீடுகளும், மூன்று தளம் வரையிலான குடியிருப்புகளும் சோலாரோடுதான் கட்டப்பட வேண்டும். 2023 முதல் உயரமான அடுக்குமாடிகளும் பலவகை வணிகக் கட்டிடங்களும் இதில் சேர்ந்துவிட்டன. நிழல் விழும் கூரை, இடமில்லாத கூரை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் சோலார் இருக்க வேண்டும் என்று மட்டும்தான் சட்டம் சொல்கிறது. சும்மா தர வேண்டும் என்று எங்கும் இல்லை. பேனல் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சொந்தமாக வாங்கினால் பேனலின் விலை வீட்டுக் கடனோடு சேரும், மின்சாரம் முழுக்க உங்களுடையது. லீஸ் என்றால் கூரை உங்களுடையது, பேனல் கம்பெனியுடையது. லீஸே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பழுது பார்ப்பது அவர்கள் பொறுப்பு, கையிருப்பு குறைவாக இருப்பவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் எட்டு வருடம் கழித்து வேலை மாறியோ ஊருக்குத் திரும்பவோ வீட்டை விற்கும்போதுதான் அதன் கனம் தெரியும். வாங்குகிறவர் மீதி வருட லீஸை ஏற்க வேண்டும், கம்பெனி அவருடைய கிரெடிட்டை (கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்பதை) பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் மீதியைக் கட்டி முடிப்பது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் கையெழுத்துக்கு முன்பே மூன்றை எழுத்தில் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், இடையில் நாமே வாங்கிக்கொள்ள என்ன விலை, கூரை ஒழுகினால் பேனலைக் கழற்றி மாட்டும் செலவு யாருடையது.

சொந்தமாக வாங்கினால் முப்பது சதவீதம் வரியில் திரும்பி வரும் என்று இன்னும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வீட்டுக்காரர்களுக்கான அந்த அமெரிக்க மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது.

இன்னொரு பெரிய தவறு, கட்டாய அளவே நம் வீட்டுக்குப் போதும் என்று நினைப்பது. விதியின் கணக்கு வீட்டின் பரப்பையும் வட்டாரத் தட்பவெப்பத்தையும் பார்க்கிறது. அடுப்பும் ஹீட்டரும் கேஸில் ஓடுவதாக வைத்துக்கொள்கிறது. 2,000 சதுர அடி வீட்டுக்கு அது மூன்று கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். மின்சார காரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வந்துவிட்டால் அது எந்த மூலைக்கு? அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மடங்கு பேனல் போட்டாலும் கைக்கு வராது. மூன்று பெரிய தனியார் மின் நிறுவனங்களிலும் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய நெட் மீட்டரிங் (அனுப்பும் யூனிட்டுக்கு ஏறக்குறைய வாங்கும் விலையே கிடைத்த முறை) இல்லை. பகலில் நாம் லைனுக்கு அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது, இரவில் நாம் வாங்கும் விலையில் ஒரு சிறு பங்குதான். பேட்டரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் சரியான விடை வரும்.

பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு நேர்மாறான எச்சரிக்கை. அந்த வீடு பழைய நெட் மீட்டரிங்கில் இருந்தால், இணைப்புக் கொடுத்த நாளிலிருந்து 20 வருடம் வரை அந்தச் சலுகை வீட்டோடு வரும், அது சொத்து. ஆசைப்பட்டு நிறையப் பேனல் சேர்த்தால் (பத்து சதவீதம் அல்லது ஒரு கிலோவாட், இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டினால்) அது கைநழுவிவிடும். பேனலே இல்லாத பழைய வீடு என்றால் மாநில விதி உங்களைக் கட்டாயப்படுத்தவே இல்லை. “புதுச் சட்டம் வந்துவிட்டது” என்று கதவைத் தட்டுபவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், ரத்து செய்யக் குறைந்தது மூன்று வேலை நாள் உண்டு. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குறைந்தது ஐந்து வேலை நாள். வீட்டில் அப்பா அம்மா தனியாக இருக்கும்போது இதைச் சொல்லி வையுங்கள்.

கரண்ட் போனால் சோலார் காப்பாற்றும் என்றும் நம்பியிருக்க வேண்டாம். நம் பேனல் மின்சாரம் லைனுக்குப் போய் அங்கே வேலை செய்பவர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதால், மின்சாரம் போனதும் சோலார் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி, நம் ஊர் பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல) தானாக நின்றுவிடும். காட்டுத்தீ பயத்தில் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் பேட்டரி இல்லாத வீடு, உச்சி வெயிலிலும் இருட்டுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குடிபோன மூன்றாவது மாதம் பில்லை எடுத்துப் பார்த்தால், நாங்கள் லைனுக்கு அனுப்பியது பூஜ்யம். கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். இன்வெர்ட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சோலாரை லைனோடு சேர்த்து ஓட்ட மின் நிறுவனம் தரும் இயக்க அனுமதிக்கு, பேனல் மாட்டியவர்கள் விண்ணப்பமே போடவில்லை. நகராட்சிப் பரிசோதனை முடிந்ததும் அவர்கள் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது மதுரையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் மாடியிலிருந்து குழாய் மட்டும் இறங்கியது, கீழே குழி இல்லை. அது அப்படியே கண்முன் வந்தது. சாவி வாங்கும் நாளன்றே அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். செயலியில் அன்றைய உற்பத்தி எண் ஏறுவதைக் கண்ணால் பாருங்கள்.

ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காகப் பின்கட்டில் சின்ன வீடு கட்டுகிறவர்களும் கவனிக்க வேண்டும். தனியாக எழுப்பும் புதிய வீட்டுக்கு இந்த விதி பொருந்தும், இருக்கும் கராஜை மாற்றினால் பொருந்தாது. கணக்கிட்ட அளவு 1.8 கிலோவாட்டுக்குக் கீழே வந்தால் விலக்கும் உண்டு. காண்ட்ராக்டர் சோலாருக்குத் தொகை எழுதும் முன் அந்தக் கணக்குத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

மவுண்டன் ஹவுஸ் தம்பி அன்று கையெழுத்துப் போடவில்லை. “லீஸ் இல்லாமல் வாங்கினால் என்ன விலை?” என்று கேட்டிருக்கிறார். விற்பனைப் பெண்மணி உள்ளே போய் இன்னொரு தாளை எடுத்து வந்தாராம். கேட்கும் வரை அந்தத் தாள் மேஜைக்கு வரவே இல்லை.