33550336: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே உடைத்துப் பார்ப்பது எப்படி?

திருகோணமலையில் சாதாரண தரம் (O/L) படிக்கும் தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எட்டு இலக்க எண்ணைக் கண்டதும் போனை எடுக்காதீர்கள், கொப்பியும் பேனையும் போதும். முதலில் எண்ணை முதன்மைக் காரணிகளாக உடையுங்கள். எத்தனை காரணிகள், வர்க்க எண்ணா, நிறைவெண்ணா (தன்னை விட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணா) என்று பிறகு என்ன கேட்டாலும் விடை அதற்குள்ளேதான் கிடக்கிறது.

கை பழக எங்கள் ஊர்த் தபால் குறியீட்டையே எடுப்போம்: 31000 = 2³ × 5³ × 31. ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், 4 × 4 × 2, மொத்தம் 32 காரணிகள். அவற்றின் கூட்டுத்தொகைக்கு (1+2+4+8) × (1+5+25+125) × (1+31) என்று பெருக்குங்கள், 74880 வரும். அதில் 31000ஐக் கழித்தால் 43880. இது எண்ணைவிடக் கூட, ஆகவே 31000 ஒரு மிகை எண்.

சரி, இப்போது 33550336. இரட்டை எண்தானே, இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள்: 16775168, 8387584, 4193792... பன்னிரண்டாவது தடவை 8191 வந்து நிற்கும், அதற்கு மேல் இரண்டு போகாது.

8191 முதன்மை எண்ணா என்பதுதான் இதில் ருசியான இடம். அதன் வர்க்கமூலம் 90.5 அளவில் வருவதால் 89 வரையுள்ள 24 முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்கலாம், பொறுமை இருந்தால். ஆனால் 8191 என்பது 2¹³ − 1. இந்த வடிவ எண்ணை வகுக்கும் எந்த முதன்மை எண்ணும் 26இன் (2 × 13) மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும், அதோடு அதை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 27 முதன்மை எண் இல்லை, 53ஐ எட்டால் வகுத்தால் மீதி 5, ஆக மிஞ்சுவது 79 மட்டும். 79 × 103 = 8137, மீதி 54. முடிந்தது, 8191 முதன்மை எண்தான்! இருபத்து நாலு வகுத்தல் ஒன்றாகச் சுருங்குவதைப் பார்க்க எனக்கு ஒருநாளும் அலுக்காது.

ஆகவே 33550336 = 2¹² × 8191. காரணிகள் 13 × 2 = 26. 8191இன் சுட்டி ஒற்றை என்பதால் வர்க்க எண் இல்லை. காரணிகளின் கூட்டுத்தொகை 8191 × 8192 = 67100672, அதாவது எண்ணின் சரியான இரு மடங்கு. தன்னை விட்டுவிட்டு மற்றக் காரணிகளைக் கூட்டினால் தானே வருகிறது, அப்படியென்றால் இது நிறைவெண். 6, 28, 496, 8128க்குப் பிறகு வரும் ஐந்தாவது நிறைவெண். (2ᵖ − 1 முதன்மை எண்ணாக இருந்தால் அதை 2ᵖ⁻¹ ஆல் பெருக்கக் கிடைப்பது நிறைவெண் என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். இரட்டை நிறைவெண் எல்லாமே அந்த வடிவம்தான் என்று நிறுவியவர் ஒய்லர்.)

அதே பெருக்கத்தைப் பாதியாக்கினால், 8191 × 8192 ÷ 2, முக்கோணி எண்ணும் (1 + 2 + 3 என்று 8191 வரை கூட்டினால் வருவது) இதுதான். துவிதத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) எழுதினால் பதின்மூன்று 1, பின்னால் பன்னிரண்டு 0. 1³ + 3³ + 5³ என்று 127³ வரை கூட்டினாலும் இதே எண் வரும். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 28, அதுவும் ஒரு நிறைவெண்!

அடுத்த நிறைவெண் 8589869056. பதினாறு தடவை இரண்டால் வகுத்தால் 131071, அது 2¹⁷ − 1. இந்தத் தடவை வகுக்கும் முதன்மை எண் 34இன் (2 × 17) மடங்கோடு ஒன்று, எட்டால் வகுத்தால் மீதி முன்போலவே 1 அல்லது 7. 103, 137, 239 மூன்றையும் சோதித்தால் போதும்.