புதிய நூலகத் தேடலைத் திறந்துவிடும் முன் எப்படிச் சோதிப்பது

பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஓபேக்கை (நூலகத்தின் கணினிப் பட்டியல்) எடுத்துவிட்டு, நூல்களையும் கட்டுரைகளையும் ஒரே பெட்டியில் தேடும் புதிய டிஸ்கவரி கொண்டுவரும்போது, சோதனை என்ற பெயரில் பல இடங்களில் நடப்பது இதுதான்: நாலைந்து நூலகர்கள் ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து, மனதில் தோன்றிய சொல்லைத் தட்டி, ஆயிரக்கணக்கில் முடிவுகள் கொட்டியதும் "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். முடிவுகள் கொட்டுவது எந்த சிஸ்டத்திலும் நடக்கும். தேடியவருக்கு வேண்டியது முதல் திரையில் வருகிறதா, க்ளிக் செய்தால் கைக்குக் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது தெரியாமல் மென்பொருள் விற்ற வெண்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் நான்கு. நூலின் விவரங்கள் அடங்கிய உங்கள் ரெக்கார்டு தப்பாக இருக்கலாம். ரெக்கார்டு சரியாக இருந்தும், தேடல் பார்க்கும் சொல் அட்டவணையான இண்டெக்ஸில் ஏறாமல் இருக்கலாம். இண்டெக்ஸில் இருந்தும் வரிசையில் பத்தாம் பக்கத்துக்குப் போயிருக்கலாம். எல்லாம் சரியாக வந்து கடைசியில் லிங்க் உடைந்திருக்கலாம். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் உருவான வூஃபைண்ட், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உருவான பிளாக்லைட் இரண்டும் சோலர் என்ற தேடல் இயந்திரத்தின் மேல் ஓடும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்கள், அவற்றில் வரிசைப்படுத்தும் விதியை உங்கள் ஆட்களே மாற்றலாம். ப்ரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி போன்றவற்றில் கட்டுரைகளுக்கான மைய இண்டெக்ஸ் வெண்டர் கையில் இருக்கும், நீங்கள் தொட முடிவது சில அமைப்புகளை மட்டும். உங்கள் சிஸ்டத்தில் எதை யார் சரிசெய்ய முடியும் என்று முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேடல் பட்டியல்

சோதனைக்கான சொற்களை நீங்கள் யோசித்து எழுதாதீர்கள். நூலகர் தேடும் விதமே வேறு, நூல்களை வகைப்படுத்தும் பொருள் தலைப்புகள் தெரிந்தவர் அவர். பழைய ஓபேக்கின் தேடல் பதிவேட்டை, அதாவது லாகை எடுங்கள். அடிக்கடி தேடப்பட்டவற்றில் ஒரு முப்பது, எப்போதாவது ஒரு முறை தேடப்பட்டவற்றில் குலுக்கலாக ஒரு முப்பது, ஒன்றுமே கிடைக்காமல் போனவற்றில் ஒரு இருபது. இந்தக் கடைசி இருபதுதான் தங்கம். எழுத்துப் பிழை, பாதி நினைவிலிருக்கும் தலைப்பு, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்து அடித்தது, இணையத்தில் பார்த்த கட்டுரையின் மேற்கோளை அப்படியே ஒட்டியது எல்லாம் அதில் இருக்கும். லாகில் யார் தேடினார் என்று தெரியும்படி ஏதாவது இருந்தால் முதலில் அதை நீக்கிவிடுங்கள், சோதனைக் குழுவுக்கு அது தேவையே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு தேடலுக்கும் எது வர வேண்டும் என்பதைத் தேடுவதற்கு முன்பே எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் வந்ததெல்லாம் சரியென்றே படும். "இந்த நூல், முதல் மூன்றுக்குள்" என்பது போல ஒரு வரி போதும்.

தெரிந்த ஒன்றைத் தேடுவது

டிஸ்கவரி அதிகமாக வழுக்குவது, வினோதமாக, சுலபமானதென்று நாம் நினைக்கும் தேடலில்தான். மாணவருக்குத் தலைப்பு தெரியும், அந்த நூல் அலமாரியிலும் இருக்கிறது, ஆனால் அதே தலைப்பைத் தாங்கிய மதிப்புரைகள் மைய இண்டெக்ஸிலிருந்து வரிசையாக வந்து நூலைக் கீழே தள்ளிவிடும். உங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைகளும் பாடமாக வைத்திருக்கும் புகழ்பெற்ற நூல்களை எடுத்து இதைப் பாருங்கள். ஒற்றைச் சொல் தலைப்புள்ள இதழ்களும் அப்படித்தான். நேச்சர், சயன்ஸ், செல் என்று தேடினால் இதழின் பக்கம் மேலே வர வேண்டும், அந்தச் சொல் வரும் லட்சம் கட்டுரைகள் அல்ல.

எண்களையும் குறிகளையும் விடாதீர்கள். 2007க்கு முன் வந்த நூல்களில் பெரும்பாலும் பத்து இலக்க ஐஎஸ்பிஎன்தான் (நூலின் அடையாள எண்) அச்சாகியிருக்கும். பதின்மூன்று இலக்கமாக மாற்றும்போது முன்னால் 978 சேர்வதோடு கடைசிச் சரிபார்ப்பு இலக்கமும் பெரும்பாலும் மாறும், ஆகவே ஒன்றை அடித்தால் மற்றது தானாக வராது, சிஸ்டம் கணக்குப் போட்டுத் தர வேண்டும். இதழ்களுக்கான எண்ணான ஐஎஸ்எஸ்என்னைக் கோட்டோடும் கோடில்லாமலும் அடியுங்கள். சி++ என்று அடித்தால் கூட்டல் குறிகளை விழுங்கிவிட்டு வெறும் சி எழுத்தைத் தேடுகிறதா பாருங்கள். கட்டுரையின் அடையாளக் குறியான டிஓஐயை முழு இணைய முகவரியாகவும் ஒட்டிப் பாருங்கள், ஆராய்ச்சி மாணவர்கள் அப்படித்தான் ஒட்டுவார்கள்.

தமிழ்த் தேடல்

தமிழ் நூல்கள் இருக்கும் நூலகம் என்றால் இதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். வெண்டரின் டெமோவில் இது வரப்போவதில்லை, நீங்கள் கேட்காவிட்டால் யாரும் கேட்கப்போவதும் இல்லை.

திரையில் ஒரே மாதிரி தெரியும் எழுத்துகள் உள்ளே வேறுவேறாக இருக்கலாம். "கொ" என்பதில் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் போடலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம், ஆனால் சமப்படுத்தும் வேலையை இண்டெக்ஸ் செய்தால்தான் உண்டு. "ஸ்ரீ" எழுத்தையும் இரண்டு வகையில் உள்ளிட முடியும். காரணம், 2005இல் யூனிகோடில் ஶ சேர்க்கப்பட்டபோது ஸ்ரீக்கு அதை அடிப்படையாகக் கொண்ட வடிவம் வந்தது, பழைய ஸ வடிவமும் புழக்கத்தில் நின்றுவிட்டது. இதைவிட மோசம் ஔகாரம். ஔரங்கசீப் என்று சரியாக எழுதிய ரெக்கார்டும், ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து ஒளரங்கசீப் என்று அடித்த ரெக்கார்டும் ஒரே கேட்டலாகில் இருக்கும். இவை யூனிகோடு விதிப்படி சமமே அல்ல, எந்தச் சமப்படுத்தலும் இவற்றைச் சேர்க்காது. ரெக்கார்டைத் திருத்த வேண்டும், அல்லது சிஸ்டத்தில் இணைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியாக்கங்களிலிருந்து மாற்றி ஏற்றிய ரெக்கார்டுகள் இருந்தால் அவற்றில் ஒரு ஐம்பதையாவது கண்ணால் பாருங்கள்.

எழுத்து சரியானாலும் சொல் மாறும். ரசாயனம், இரசாயனம், வேதியியல் மூன்றையும் தேடி முடிவுகளை ஒப்பிடுங்கள். "நூலகம்" என்று தேடினால் தலைப்பில் "நூலகத்தின்" என்றிருக்கும் நூல் வருகிறதா? வராவிட்டால் தமிழுக்கு வேர்ச்சொல் பகுப்பு இயங்கவில்லை என்று பொருள். அப்படியே விட வேண்டியதில்லை, வெண்டரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

அடுத்தது ரோமன் எழுத்தில் உள்ள ரெக்கார்டுகள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிபெயர்ப்பு முறையில் ழகரத்துக்கு எல் எழுத்தின் அடியில் கோடு போடுவார்கள். மாணவரோ இசட் எச் போட்டு அடிப்பார். அடிக்கோட்டைக் கண்டுகொள்ளாமல் தேட வைப்பது எளிது, இசட் எச்சை எல்லுடன் பொருத்துவது தனி வேலை. நூலக ரெக்கார்டுகளுக்கான மார்க் 21 வடிவமைப்பில் மூல எழுத்து வடிவம் (இங்கே தமிழ்) 880ஆம் புலத்தில் இருக்கும். அந்தப் புலம் இண்டெக்ஸ் ஆகிறதா, முடிவுப் பட்டியலில் தமிழில் காட்டப்படுகிறதா என்று இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போவது சகஜம்.

கடைசி க்ளிக் வரை போங்கள்

தேடல் முடிவு வந்ததும் நிறுத்திவிடுகிறோம், படிப்பவருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. "முழு உரை உண்டு" என்று காட்டும் கட்டுரைகளில் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் டேட்டாபேஸுக்கும் சில வீதம் எடுத்து, பிடிஎஃப் திறக்கும் வரை க்ளிக் செய்யுங்கள். இதழின் முகப்புக்குக் கொண்டுபோய் விட்டால் அதைத் தோல்வி என்றே குறியுங்கள், அங்கிருந்து கட்டுரையைத் தேடிப்பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. பழைய ஆண்டு, நடு ஆண்டு, இந்த ஆண்டு என்று பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் சில தொகுப்புகளில் கடைசி ஒரு வருடக் கட்டுரைகளுக்கு அனுமதி இருக்காது, அது டிஸ்கவரிக்குத் தெரிந்திருக்காது.

இதையெல்லாம் வளாகத்துக்கு வெளியிலிருந்து, மொபைல் டேட்டாவில், லாகின் எதுவும் நினைவில் இல்லாத தனி விண்டோவில் செய்ய வேண்டும். நூலகக் கணினியில் ஐபி முகவரியை வைத்தே அனுமதி கிடைத்துவிடும், அங்கே சோதித்தால் ரிமோட் ஆக்சஸ் கோளாறு ஒன்றுகூடக் கண்ணில் படாது.

அச்சு நூலுக்கும் அப்படியே. ஒரு நூலை இஷ்யூ செய்துவிட்டு டிஸ்கவரியில் நிலை எத்தனை நிமிடத்தில் மாறுகிறது என்று பாருங்கள். அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் கால் நம்பரைக் குறித்துக்கொண்டு அலமாரிக்கே நடந்து போய் எடுங்கள்.

இண்டெக்ஸில் எது இருக்கிறது என்று வெண்டர் பொதுவாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தகவல் துறைக்குத் தரநிலைகள் வகுக்கும் நைசோ அமைப்பின் ஓப்பன் டிஸ்கவரி இனிஷியேட்டிவ் 2014இல் வெளியிட்டு 2020இல் புதுப்பித்த பரிந்துரை இதற்கென்றே உள்ளது. எந்தத் தொகுப்பு எவ்வளவு ஆழத்தில் இண்டெக்ஸ் ஆகிறது, வெறும் தலைப்பு விவரமா முழு உரையுமா என்பதை வெளிப்படையாகச் சொல்லும்படி அது கேட்கிறது. அந்தப் பரிந்துரைக்கு இணங்கிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

ஆட்களை உட்காரவைத்துப் பார்ப்பது

ஒரு வகை பயனருக்கு ஐந்து பேர் போதும், பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே இதை விளக்கமாக எழுதியிருக்கிறார். ஐந்து பேரைப் பார்த்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரைப் பார்ப்பது ஒரேயடியாகப் பதினைந்து பேரைப் பார்ப்பதைவிட நல்லது. முதலாண்டு மாணவர்களையும் ஆராய்ச்சி மாணவர்களையும் ஒரே குழுவாகக் கலக்காதீர்கள்.

கொடுக்கும் வேலையில் திரையில் இருக்கும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. "வடிகட்டியில் ஆண்டைக் குறுக்குங்கள்" என்றால் விடையைச் சொல்லிவிட்டீர்கள். "உங்கள் பேராசிரியர் கடந்த ஐந்து ஆண்டுக் கட்டுரைகள் மட்டும் போதும் என்கிறார், மூன்று எடுங்கள்" என்று சொல்லிவிட்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் பேசாமல் இருங்கள். உதவி செய்யக் கை துறுதுறுக்கும், நூலகர்களுக்கு அது பழக்கம், ஆனால் அவர் தடுமாறும் அந்த அரை நிமிடத்தைப் பார்க்கத்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பார்வையற்ற பயனர் ஒருவரையாவது கட்டாயம் அழையுங்கள். என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் வடிகட்டியைத் தட்டியதும் முடிவுகள் மாறியது அறிவிக்கப்படுகிறதா, அல்லது மௌனமாக மாறிவிடுகிறதா என்பது அவரோடு உட்கார்ந்தால்தான் தெரியும். அதற்கு முன் மவுஸை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையால் மட்டும் தேடல் தொடங்கி பிடிஎஃப் வரை நீங்களே போய்ப் பாருங்கள்.

குறித்து வைப்பதும் முடிவெடுப்பதும்

ஒவ்வொரு தோல்விக்கும் தேடிய சொல் அப்படியே, தேதி, எதிர்பார்த்தது, வந்தது, ஸ்கிரீன்ஷாட். பக்கத்தில், மேலே சொன்ன நான்கு இடங்களில் எது காரணம் என்று ஒரு கட்டம். அதை நிரப்ப, அந்த நூலை ரெக்கார்டு எண்ணால் தேடுங்கள். எண்ணாலும் வராவிட்டால் அது இண்டெக்ஸில் இல்லை. எண்ணால் வந்து தலைப்பால் வராவிட்டால் ரெக்கார்டில் தலைப்புக்கான 245ஆம் புலத்தைத் திறந்து பாருங்கள். அதில் தலைப்பு சரியாக இருந்தால் இண்டெக்ஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். தலைப்பால் வந்தும் கீழே கிடந்தால் வரிசை விதி. இவ்வளவு எழுதி அனுப்பினால் வெண்டரின் உதவிக் குழுவிடமிருந்து வரும் பதிலே வேறு மாதிரி இருக்கும்.

பட்டியலை ஒரு முறை ஓட்டிவிட்டு மூடிவைக்காதீர்கள். மைய இண்டெக்ஸ் உங்களைக் கேட்காமலேயே புதுப்பிக்கப்படும், இன்று முதலில் வந்தது அடுத்த மாதம் இருபதாவதாக வரலாம். மாதம் ஒருமுறை அதே எண்பது தேடல்களையும் ஓட்டி, முந்தைய மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் சரியான பிறகுதான் திறப்போம் என்றால் எப்போதும் திறக்க முடியாது. நிறம், பொத்தான் இடம், வடிகட்டிகளின் வரிசை எல்லாம் திறந்த பின்னும் மாற்றலாம். ஆனால் அலமாரியில் உள்ள நூல் தலைப்பால் தேடி வராதது, ரிமோட் ஆக்சஸ் உடைவது, தமிழ் ரெக்கார்டுகள் தமிழில் தேட முடியாமல் இருப்பது, திரைவாசிப்பானில் தேடலே நின்றுபோவது, இந்த நான்கில் ஒன்று பாக்கி இருந்தாலும் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். திறந்த பிறகும் ஒரு செமஸ்டர் முழுக்கப் பழைய ஓபேக்கின் லிங்க் முகப்பிலேயே இருக்கட்டும்.