ஐஓஎஸ் செயலிக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்குதல்

ஐஓஎஸ் 7 முதலே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட்கோர் கட்டமைப்பு செயலி உருவாக்குநர்களுக்குக் கிடைப்பதால், சிறிய கணக்கீட்டு விதிகளை இயக்குவதற்காக மட்டும் வெப்வியூவை (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் பகுதி) திறக்க வேண்டியதில்லை. முதலில் நிரல் இயங்கும் சூழலான ஜேஎஸ்கான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கி, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஏற்றும் முன்பே, பிழை நேர்ந்தால் அழைக்கப்படும் அதன் எக்செப்ஷன்ஹேண்ட்லரை அமைத்துவிடுங்கள். இல்லையெனில் ஒரு எழுத்துப்பிழைகூடச் சத்தமின்றிக் கடந்துபோய், கைக்கு ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு இல்லை) மட்டுமே வந்து சேரும். பிறகு இவால்யுவேட்ஸ்கிரிப்ட் மூலம் நிரலை ஏற்றி, அதில் நீங்கள் எழுதிய ‘கூட்டு’ என்ற ஃபங்ஷனைப் பெயரால் எடுத்து, [2, 3] எனும் மதிப்புகளோடு அழைத்து, விடையைச் செயலி எழுதப்படும் மொழியான ஸ்விஃப்டின் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்விஃப்ட் குளோஷரை (மதிப்புபோலக் கையளிக்கக்கூடிய நிரல்துண்டு) ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குக் கொடுக்கும்போது அதற்குள் கான்டெக்ஸ்டை நேரடியாகப் பிடித்துவைத்தால் நினைவகம் விடுபடாது, ஜேஎஸ்கான்டெக்ஸ்ட்.கரண்ட் வழியாகப் பெறுவதே சரி. செட்டைம்அவுட் (தாமதித்து இயக்குவது), ஃபெட்ச் (இணையத்திலிருந்து தரவைப் பெறுவது) ஆகியவை உலாவி தருபவை, ஜாவாஸ்கிரிப்ட்கோரில் இல்லை என்பதால், தேவைப்பட்டால் அவற்றை ஸ்விஃப்டில் நீங்களே எழுதி இணைக்க வேண்டும்.