தைராய்டு கோளாறு என்று சந்தேகமா? முறையாக நோயறிந்து கொள்வதற்கான வழிமுறை

முழு உடல் பரிசோதனையில் வந்த ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டிய மாத்திரையைத் தொடங்கிவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். அதற்கு நேர்மாறாக, ஆண்டுக்கணக்கில் அசதியோடும் முடி உதிர்வோடும் அல்லாடியும், “வேலைப் பளு, வேறொன்றுமில்லை” என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்படும் பெண்களும் இருக்கிறார்கள். இவ்விரண்டு நிலைகளையும் தவிர்க்க முடியும். சுரப்பி குறைவாகச் சுரக்கிறதா, அதிகமாகச் சுரக்கிறதா. அதற்குக் காரணம் என்ன. அது நிலையானதா, சில மாதங்களில் தானாகச் சரியாகிவிடக்கூடியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகுதான் நோயறிதல் முழுமை பெறுகிறது. இந்தக் கட்டுரை, முதன்முறையாகச் சந்தேகம் எழுந்திருப்பவர்கள் அந்த விடைகளை நோக்கிப் படிப்படியாகச் செல்வதற்கான வழிகாட்டி. மருத்துவரைப் பார்ப்பதற்கு இது மாற்று ஆகாது.

தைராய்டு, கழுத்தின் முன்பக்கம் குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருக்கும் சுரப்பி. அது டி4, டி3 என்னும் இரு ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் இவற்றின் அளவைக் கவனித்து டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் மூலம் தைராய்டைத் தூண்டுகிறது. தைராய்டு சோர்ந்தால் டி.எஸ்.எச். உயரும்; தைராய்டு மிகையாகச் சுரந்தால் டி.எஸ்.எச். தாழும். இந்தத் தலைகீழ் உறவு மனத்தில் பதிந்துவிட்டால் அறிக்கையைப் படிப்பது பாதி எளிதாகிவிடும்.

படி 1: அறிகுறிகளை எழுதி வையுங்கள்

மருத்துவர் முன் அமர்ந்ததும் பாதி மறந்துபோகும் என்பதால், ஒரு தாளில் அறிகுறியையும் அது தொடங்கிய மாதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். சுரப்பு குறைந்தவர்களுக்குத் தூங்கி எழுந்தும் தீராத அசதி, உணவில் மாற்றமில்லாமலே எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல், முடி கொட்டுதல், குரல் கரகரப்பு, முகம் உப்புதல், மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கு, மறதி ஆகியவை தோன்றலாம். வீட்டில் மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும்போது ஒருவர் மட்டும் போர்வையைத் தேடுவது கவனிக்கத்தக்க அடையாளம். சுரப்பு மிகுந்தவர்களுக்கு, நன்றாகப் பசித்து நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், படபடப்பு, அதிக வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை, அடிக்கடி மலம் கழித்தல், மாதவிலக்கு குறைதல், கண்கள் பிதுங்குதல் ஆகியவை ஏற்படலாம். கைகளை முன்னே நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை விரித்து வைத்துப் பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் தாளின் விளிம்பில் தெரியும். காலையில் படுக்கையிலிருந்து எழுவதற்கு முன் நாடித் துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணி அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே தாளில் இன்னும் சில செய்திகள் இடம்பெற வேண்டும். தாய், சகோதரி போன்ற நெருங்கிய உறவினருக்குத் தைராய்டு நோயோ, முதல் வகை நீரிழிவோ, வெண்புள்ளியோ இருக்கிறதா? கடந்த ஓராண்டுக்குள் பிரசவமோ கருச்சிதைவோ நடந்ததா? அமியோடரோன், லித்தியம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்கிறீர்களா? அண்மையில் சாய மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுத்தீர்களா? அந்தச் சாயத்தில் அயோடின் மிகுதியாக இருக்கும். சமையலுக்கு அயோடின் கலந்த உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள். பொதுவாக இந்துப்பில் உடலுக்குத் தேவையான அளவு அயோடின் இருப்பதில்லை.

படி 2: கண்ணாடி முன் கழுத்தைப் பாருங்கள்

வெளிச்சமான இடத்தில் கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள். விழுங்கும் கணத்தில் குரல்வளைக்குக் கீழே ஏதேனும் புடைப்பு மேலே ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். தைராய்டில் உள்ள வீக்கம் விழுங்கும்போது உடன் நகரும். எதுவும் தென்படாவிட்டால் நோயில்லை என்று இதற்குப் பொருளில்லை.

வேகமாக வளரும் கட்டி, மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், வாரக்கணக்கில் நீடிக்கும் குரல் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கீழுள்ள படிகளை வரிசையாகப் பின்பற்றிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடும் காய்ச்சலுடன் கட்டுக்கடங்காத படபடப்பும் குழப்பமும் சேர்ந்து வந்தாலும், ஏற்கெனவே சுரப்பு குறைவு உள்ளவர் உடல் சில்லிட்டு மயக்க நிலைக்குப் போனாலும் அவசர சிகிச்சை தேவை.

படி 3: யாரிடம் செல்வது?

தொடக்கத்திலேயே பெரிய நிபுணரைத் தேட வேண்டியதில்லை. பொது மருத்துவரே போதும். முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டாலோ, சுரப்பு மிகையாக இருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ, கட்டி தென்பட்டாலோ நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம், அதாவது எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம், செல்லுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. ஆகியவற்றில் இதற்கெனத் தனித் துறைகள் இருக்கின்றன.

படி 4: எந்தப் பரிசோதனையைச் செய்வது?

ஆய்வகங்கள் “தைராய்டு ப்ரொஃபைல்” என்ற பெயரில் டி3, டி4, டி.எஸ்.எச். ஆகிய மூன்றையும் ஒரே தொகுப்பாக விற்கின்றன. இதில் வரும் டி3, டி4 பெரும்பாலும் மொத்த அளவுகள். ஹார்மோனின் மிகப் பெரும் பகுதி இரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் திரிகிறது. உடல் பயன்படுத்துவது ஒட்டாமல் இருக்கும் சிறு பங்கை மட்டுமே. கருவுற்றிருப்பவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்தப் புரதம் கூடுவதால், சுரப்பி நலமாக இருந்தும் மொத்த அளவு உயர்ந்து காட்டி வீண் கவலையைத் தரும். ஆகவே டி.எஸ்.எச். பரிசோதனையும், ஒட்டாமல் இருக்கும் பங்கை மட்டும் அளக்கும் ஃப்ரீ டி4 பரிசோதனையும் வேண்டும் என்று கேளுங்கள். சுரப்பு மிகையைச் சந்தேகித்தால் டி3-யும் தேவைப்படும். சுரப்பு குறைவைக் கண்டறிவதற்கு அதனால் பெரிய பயனில்லை. கூடுமானவரை என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்து, மறுபரிசோதனையையும் அங்கேயே செய்யுங்கள். வெவ்வேறு கருவிகளில் பெற்ற எண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

படி 5: இரத்தம் கொடுக்கப் போகும் முன்

டி.எஸ்.எச். இரவிலும் அதிகாலையிலும் உயர்ந்தும் பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். வெறும் வயிறு கட்டாயமில்லை என்றாலும், ஒவ்வொரு முறையும் காலையில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கொடுத்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். காய்ச்சலோ வேறு கடுமையான நோயோ வந்து படுத்திருக்கும் நாட்களில், தைராய்டு நலமாக இருந்தாலும் அளவுகள் தடம் புரளும். மருத்துவர் அவசரம் என்று கருதாத வரை, நன்றாகத் தேறிய பிறகு பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல வேண்டியது பயோட்டின் என்னும் வைட்டமின் பற்றித்தான். முடி கொட்டுகிறது என்பதற்காகப் பலரும் 5 மி.கி., 10 மி.கி. பயோட்டின் மாத்திரைகளை மருந்துக்கடையில் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அதே முடி உதிர்வுதான் அவர்களைத் தைராய்டு பரிசோதனைக்கும் அழைத்துவருகிறது. ஆய்வகக் கருவிகள் பலவற்றின் வேதிமுறையே பயோட்டினைப் பயன்படுத்தி அமைந்திருப்பதால், இரத்தத்தில் மிகுந்திருக்கும் பயோட்டின் அந்த அளவீட்டைக் குலைத்து, டி.எஸ்.எச். குறைவாகவும் ஃப்ரீ டி4 அதிகமாகவும் இருப்பதாகப் பொய்யாகக் காட்டிவிடும். நோயே இல்லாதவர் சுரப்பு மிகை நோயாளியாகத் தோன்றுவார். உண்மையில் சுரப்பு குறைந்தவர் நலமாக இருப்பதாகத் தோன்றக்கூடும். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ஆம் ஆண்டிலேயே பயோட்டினால் ஆய்வக முடிவுகள் பிறழ்வதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள். அதிக அளவில் எடுத்துக்கொள்கிறவர்கள் எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் கலவை மாத்திரைகளின் அட்டையையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

படி 6: அறிக்கையைப் படித்தல்

டி.எஸ்.எச். அளவுக்கான இயல்பு வரம்பு ஏறத்தாழ 0.4 முதல் 4.5 வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும் என்பதால் உங்கள் அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கும் வரம்பைப் பாருங்கள். டி.எஸ்.எச். உயர்ந்து ஃப்ரீ டி4 குறைந்திருந்தால், அது தெளிவான சுரப்பு குறைவு. டி.எஸ்.எச். மிகத் தாழ்ந்து ஃப்ரீ டி4 உயர்ந்திருந்தால், அது சுரப்பு மிகை.

சிக்கல் பெரும்பாலும் இவற்றுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பெண்ணின் அறிக்கையில் டி.எஸ்.எச். 6.8 என்று தடித்த எழுத்தில், பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறியோடு அச்சாகியிருக்கிறது; கீழே ஃப்ரீ டி4 இயல்பாக இருக்கிறது. அந்த அம்புக்குறியைக் கண்டதும் குடும்பமே கலங்கிவிடுகிறது. இது நோயின் விளிம்பு நிலை மட்டுமே. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தால், இவர்களில் கணிசமானவர்களுக்கு டி.எஸ்.எச். தானாகவே இயல்புக்குத் திரும்பியிருக்கும். மறுமுறையும் உயர்ந்திருந்தால்தான் அடுத்த பேச்சு. 10-க்கு மேல் நீடித்தால் பெரும்பாலான மருத்துவர்கள் சிகிச்சையைப் பரிந்துரைப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால் வயது, அறிகுறிகள், சுரப்பிக்கு எதிராக உடலே உருவாக்கும் எதிரணுக்கள் (ஆன்டிபாடி), கருத்தரிக்கும் திட்டம் ஆகியவற்றைப் பொறுத்து முடிவு மாறும். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு டி.எஸ்.எச். சற்றுக் கூடியிருப்பது முதுமையின் இயல்பாகவே இருக்கலாம். இப்படிப்பட்ட நிலையில் முதல் அறிக்கையோடு மாத்திரைச் சீட்டு எழுதப்பட்டால், “ஒரு முறை திரும்பப் பார்த்துவிட்டுத் தொடங்கலாமா, டாக்டர்?” என்று பணிவாகக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அவர்களுக்கான வரம்பு வேறு. முதல் மூன்று மாதங்களில் அது இன்னும் தாழ்வானது. சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனைச் சார்ந்திருப்பதால், அவர்கள் அறிக்கையோடு அன்றே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அரிதானது என்றாலும் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு. பிரசவத்தின்போது பெருமளவு இரத்தம் இழந்து, அதன்பின் பால் சுரக்காமலும் மாதவிலக்கு திரும்பாமலும் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே பழுதடைந்திருக்கக்கூடும். இவர்களுக்கு டி.எஸ்.எச். இயல்பாகவே காட்டக்கூடும், ஃப்ரீ டி4 மட்டும் குறைந்திருக்கும். டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்தால் இந்த நோய் ஆண்டுக்கணக்கில் மறைந்தே கிடக்கும். இவர்களுக்கு, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் நிலையை அறிந்து சரிசெய்யாமல் தைராய்டு மாத்திரை தருவது ஆபத்து. பிரசவ வரலாற்றை முதல் தாளிலேயே எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 7: காரணத்தைக் கேளுங்கள்

சுரப்பு குறைவு உறுதியானால், ஆன்டி டி.பி.ஓ. என்னும் எதிரணுப் பரிசோதனை காரணத்தைக் காட்ட உதவும். அது மிகுந்திருந்தால், உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோயாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ 1912-இல் இதை விவரித்தார். இந்த எண்ணை ஒரு முறை அறிந்தால் போதும். மாதாமாதம் அளந்து கவலைப்படுவதில் பயனில்லை.

சுரப்பு மிகையில் காரணத்தை அறிவது இன்னும் முக்கியம். உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயில் சுரப்பி உண்மையிலேயே மிகையாக உற்பத்தி செய்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பின்னரோ வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னரோ வரும் தைராய்டு அழற்சியில், ஏற்கெனவே சேமித்திருந்த ஹார்மோன்தான் கசிகிறது. அது சில வாரங்களில் வடிந்துவிடும், பிறகு சில காலம் சுரப்பு குறைந்தும் இருக்கலாம். அறிக்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஹார்மோன் உற்பத்தியைக் குறைக்கும் கார்பிமசோல் போன்ற மாத்திரைகள் முதல் வகைக்கு மட்டுமே பயன்தரும். இரண்டாம் வகைக்கு அவை வீண், பக்கவிளைவு மட்டுமே மிஞ்சும். கிரேவ்ஸ் நோயில் காணப்படும் டி.ஆர்.ஏபி. எதிரணுவுக்கான பரிசோதனையோ, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் ஸ்கேனோ இவற்றைப் பிரித்துக் காட்டும். அந்த ஸ்கேனைக் கர்ப்பிணிகளுக்குச் செய்யக் கூடாது. பாலூட்டும் தாய்மார்கள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கழுத்தில் கட்டியோ வீக்கமோ இல்லாதபோது, டி.எஸ்.எச். உயர்ந்திருப்பதற்காக மட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. தேவையற்ற ஸ்கேனில் தென்படும் சிறு முடிச்சுகள் அச்சத்தையும் அடுத்தடுத்த பரிசோதனைகளையும் மட்டுமே கொண்டுவரும். தென்கொரியாவில் அல்ட்ராசவுண்ட் பரவலானபோது, 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993-இல் இருந்ததைப்போல 15 மடங்கானது. அந்நோயால் இறப்பவர்களின் விகிதமோ மாறவில்லை. கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் ஸ்கேன் அவசியம். அதன் தோற்றத்தையும் அளவையும் பொறுத்து ஊசி மூலம் செல்களை எடுத்துப் பார்ப்பார்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

படி 8: எல்லாம் இயல்பு என்று வந்து, தொல்லை மட்டும் தொடர்ந்தால்

அசதிக்கும் முடி உதிர்வுக்கும் தைராய்டு மட்டுமே காரணம் அல்ல. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பெண்களிடையே இரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால், இதையே முதலில் பார்த்திருக்கலாம் என்று தோன்றும். குறட்டையுடன் தூக்கம் கெடுதல், மனச்சோர்வு, மாதவிலக்கு நிற்கும் பருவம், பி.சி.ஓ.டி. எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிகள் ஆகியவற்றையும் மருத்துவர் கருத்தில் கொள்ள வேண்டும். அறிக்கை இயல்பாக வந்ததால் உங்கள் தொல்லை கற்பனையாகிவிடாது. அப்படி யாராவது சொன்னால், வேறு மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள்.

படி 9: சிகிச்சை தொடங்கினால்

மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய அறிக்கைகளைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வைத்திருங்கள். தொடங்கிய பிறகு அவற்றை மறுபடியும் பெற முடியாது. ஏன் தொடங்கினார்கள் என்று பின்னால் வரும் மருத்துவர் கேட்கும்போது அவையே சான்று. சுரப்பு குறைவுக்குத் தரப்படும் டி4 ஹார்மோன் மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, காப்பிக்கும் சிற்றுண்டிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கார்பிமசோல் எடுப்பவர்கள், காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். லெவோதைராக்சின் எடுப்பவர்களுக்கு, அளவை மாற்றிய பின் இரத்தத்தில் அது நிலைபெற வாரங்கள் பிடிக்கும் என்பதால், அடுத்த டி.எஸ்.எச். பரிசோதனை 6 முதல் 8 வாரங்கள் கழித்துத்தான்; அன்று காலை இரத்தம் கொடுத்துவிட்டு அதன்பின் மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.